பூசத்தன்று ஓட்டல் சாப்பாடு

1935 பிப்ரவரி 4, திங்கள்

விடியலில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில். தை அமாவாசைக்குக் கன்னியாகுமரி போனவர்கள் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பஸ் ஜன்னல்களில் எல்லாம் ஈர வேட்டி.

ஏழாம் வகுப்புக் கட்டுரைகள். முப்பத்தொன்றில் பதினேழு திருத்தியாயிற்று. ‘என் ஆசை’ என்ற தலைப்பு நான் கொடுத்ததுதான். பாதிப் பேருக்கு நர்ஸ் ஆக ஆசை. ஒருத்திக்கு மட்டும் ரயிலில் ஏற ஆசை. நாகர்கோவிலில் ரயிலே கிடையாது. அவளுக்கு மார்க் அதிகம்.

ஒரு முடிவு. இந்த வருஷம் பகவதியின் பிறந்தநாளை விடுவதில்லை.

மறக்காமல் இருக்க, நடந்தவரை எழுதிவைக்கிறேன். திருவனந்தபுரம் விடுதியில் ஒரே அறை, நானும் அவளும். முதல் வருஷமே செய்த ஏற்பாடு: இருவரில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஓட்டலில் ஒரு சாப்பாடு, பிறகு எங்காவது ஓர் ஊர். காவலுக்கு என் அண்ணன்.

1929, அவளுக்கு. கிழக்கே கோட்டைப் பக்கம் நெய்த் தோசை. கோவளம். அவள் செருப்பைக் கடல் கொண்டுபோயிற்று.
அதே வருஷம், எனக்கு. பாளையத்தில் கட்லெட். அவள் ரொட்டியும் பழமும் மட்டும். வேளியில் தோணி.
1930, அவளுக்கு. சாப்பாடு ஞாபகமில்லை. சங்குமுகத்தில் மழை, மூவரும் ஒரு குடை.
1931, அவளுக்கு. கன்னியாகுமரி, ஒரு ராத்திரி. பதினொரு கறி. அவள் விரலால் எண்ணிக்கொண்டே சாப்பிட்டாள்.

அந்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். தோவாளை. பூந்தோட்டமும் வயலும் உள்ள வீடு. நான் பி.ஏ. முடித்து இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில். அதன்பின் பிறந்தநாள் இல்லை. மூன்று வருஷம்.

காரணம் கல்யாணம் மட்டும் இல்லை. போன ஐப்பசியில் தோவாளை போயிருந்தேன். காப்பி கொடுத்தார்கள். நான் எழுந்ததும் அவள் மாமியார் நான் இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்தாள். கோபமில்லாமல், செடிக்குத் தெளிப்பதுபோல. பகவதி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்வி. நாங்கள் சிநேகிதிகளா, அல்லது படித்த இடத்துப் பழக்கமா? ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் தெரிந்துவிடும். அவள் வீட்டில் முடியாது. என் வீடு கிறிஸ்தவ வீடு, அங்கே அவள் சாப்பிட மாட்டாள். மிச்சம் ஓட்டல்.

கடிதம் போட்டாயிற்று.


பிப். 7, வியாழன்

பதில். தபாலில் அல்ல, தோவாளையிலிருந்து தினம் பூக்கூடை கொண்டுவரும் தங்கம் கொடுத்தாள். பிச்சிப்பூ வாசனையோடு காகிதம்.

‘சர்டிபிகேட்டில் உள்ளபடி 16-ஆம் தேதி. நட்சத்திரப்படி மாசிப் பூசம். ஒவ்வொரு வருஷமும் இரண்டும் தள்ளித் தள்ளி வரும். நாம் தேதியைக் கொண்டாடினோம், வீட்டில் நட்சத்திரத்தைக் கொண்டாடினார்கள், சண்டை வரவில்லை. இந்த வருஷம் இரண்டும் ஒரே நாள். பூசத்தன்று நான் படி இறங்கக்கூடாது. வேறு அடுப்பில் வெந்ததைச் சாப்பிடக்கூடாது. மருந்துகூடக் கூடாது. வர வேண்டாம்.’

கடைசி இரண்டு சொல்லின் கீழே கோடு. ஒரு கோடா, இரண்டா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

விடுதியில் என்னோடு சேர்ந்து பஞ்சாங்கத்தைக் கேலி செய்தவள். நியாயமாகப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மைனி, அண்ணன் மனைவி, எங்களைப் போலவே வேதக்காரி; ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறாள், ஜெபம் சொல்கிறாள்; ஆனால் செவ்வாய்க்கிழமை கோழி அடை வைக்க மாட்டாள்.

தலைவலி. மீதித் தாள்கள் திருத்தவில்லை.

சனிக்கிழமை தோவாளை போகிறேன்.


பிப். 9, சனி

முதல் பஸ். பூச்சந்தையில் இறங்கும்போது ஏலம் முடிந்து தரையெல்லாம் இதழ். வேட்டி மடித்துக்கட்டிய ஒருவர் மற்றவரிடம்: “ஒம்ம பிச்சி இன்னைக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கு, ஒம்மளப் போலவே.”

மாமியார் முற்றத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். செல்லத்தாயம்மாள். மெலிந்த உருவம், கண்ணில் எப்போதும் சிரிப்பு. வெறுக்க வசதியில்லாத பெண்பிள்ளை.

“வா பிள்ளேய். பஸ்ஸில நிக்க எடம் கெடச்சுதா?”

நேராகவே கேட்டேன். பகவதியின் பிறந்தநாள், நாகர்கோவிலில் ஓட்டல் சாப்பாடு, பிறகு முட்டத்தில் என் அத்தை வீடு, மறுநாள் சாயங்காலம் திரும்பிவிடுவோம்.

“ஓட்டல்லயா? ஏன், எங்க அடுப்பில பூனையா படுத்துக் கெடக்கு?”

“இல்லம்மா. ஒரு ஆசைக்கு.”

“ஆசைக்கு நான் இங்க அடைப்பிரதமன் பாயசம் வெச்சுத் தாறேன். பொறந்தநாளும் அதுவுமா படி எறங்கப்படாது. கண்ட அடுப்பில திங்கப்படாது. இது நான் வெச்ச சட்டமில்ல பாத்துக்கிடு.”

“யாரு வெச்சது?”

“வெச்சவன் செத்துப் போயிட்டான். அதனால மாத்தவும் ஆளில்ல.”

அவளே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் தோல்வி.

பகவதியின் கணவர் ஆறுமுகம் மொட்டு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ப. கதவருகே. அதே நிற்பு.

பஸ்ஸுக்குக் கூட வந்தாள். பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்தைக்கு வருவதாகச் சொல்லி. வரப்பில் முன்னும் பின்னுமாக நடந்தோம். நான் திரும்பாமலே சொன்னேன்: “நீ ஒரு வார்த்தை பேசல.”

“என்னட்டி பேசணும்?”

“வாறேன்னோ, வரலன்னோ.”

“நீ யாருகிட்ட கேட்ட? அத்தைகிட்ட கேட்ட. அத்தை பதில் சொன்னா. என்கிட்ட எங்க கேட்ட?”

நின்றுவிட்டேன்.

உண்மைதான். நாலு நாளாக அவளைப் பற்றியே யோசித்தேன். அவளை ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தில்கூட ‘ஏற்பாடு செய்கிறேன்’ என்றுதான் எழுதியிருந்தேன்.

“வாறியா?”

“வாறேன்.”

அவ்வளவுதான். பிறகு மளமளவென்று அவளே திட்டம். வெள்ளிக்கிழமையே கோட்டாற்றில் அம்மை வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மை கையால் பிறந்தநாள் பாயசம் என்றால் மாமியார் தடுக்க மாட்டாள்.

“பொய் சொல்லிட்டா வரப்போற?”

“பொய் எதுக்கு? அம்மை வெச்ச பாயசத்த ஒரு கரண்டி குடிச்சுட்டுத்தான் எறங்குவேன்.”

“படி எறங்கப்படாதே?”

“அம்மை வீட்டுப் படி ரெண்டே ரெண்டு. அதெல்லாம் ஒரு படியா மக்கா?”

பஸ்ஸில் நிற்க இடமில்லை. நாகர்கோவில் வரை நின்றேன்.


பிப். 12, செவ்வாய்

புழுக்கம். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

ஓட்டல் தேடும் வேலை. அண்ணன் ஓர் இடம் சொன்னான். நம் ஆட்கள் நடத்துவது. யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரே அடுப்பில் இறைச்சி வேகும். பூசத்தன்று அவளை அங்கே கூட்டிப்போவது நியாயமில்லை. படி இறங்குவதே அவளுக்குப் பெரிது.

“சைவ ஓட்டல்னா அய்யருதான் நடத்துகான். ஒன்ன உள்ள விடுவானா?” என்றான் அண்ணன்.

மைனி அடுப்படியிலிருந்து: “பி.ஏ. சர்டிபிகேட்ட கழுத்தில தொங்க விட்டுட்டுப் போ கிரேஸ். விடுவான்.”

பள்ளி விட்டதும் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே புதிதாக வந்திருக்கும் சைவச் சாப்பாட்டு ஓட்டல். வெள்ளையடித்த சுவர். பித்தளைக் கம்பி. கல்லாவில் முதலாளி, நெற்றி நிறையத் திருநீறு. பெண்கள் உட்கார இடம் உண்டா என்று கேட்டேன். உண்டு, உள்ளே தனி அறை, தட்டி வைத்திருக்கிறது. சனிக்கிழமை ஒரு பிறந்தநாள், பாயசம் உண்டா? சொன்னால் வைப்போம். இரண்டு பேர். சரி.

அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

இதை இப்படியே எழுதிவைக்கிறேன். நான் யார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சனிக்கிழமை போய்விடும். அதனால் விழுங்கினேன். வெளியே வந்து நானே எனக்குச் சொன்ன சமாதானம்: கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? அழகான வாக்கியம். பரீட்சைத் தாளில் எந்தப் பிள்ளையாவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.


பிப். 15, வெள்ளி

தங்கம் சொன்ன சேதி: “அக்கா கோட்டாத்துக்கு வந்தாச்சுன்னு சொல்லச் சொன்னா. நாளைக்கு பதினொண்ணரைக்காம்.”

கொண்டுபோக: துண்டு, சீப்பு, அத்தைக்குக் காப்பிப்பொடி, ப.வுக்குப் புத்தகம் (எந்தப் புத்தகம்? அவள் இப்போது என்ன படிக்கிறாள் என்றே தெரியாது. வெற்று நோட்டு ஒன்று போதும்). குடை.

கைக்கு வேலை இருந்தால் மனசு அடங்கும் என்று சேலைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டேன். அடங்கவில்லை.


பிப். 16, சனி. முட்டம்

அத்தை வீட்டு வாசலில் இருந்து எழுதுகிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. காற்று தாளைப் பிடுங்குகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொன்றரை. கோட்டாறு. பச்சைப் பட்டு, நெற்றியில் சந்தனம், வாயில் பாயச வாசனை. அவள் அம்மை வாசலில் நின்று, “படிய மிதிக்காம தாண்டிப் போ மக்கா. தாண்டினா எறங்கினதாவாது” என்றாள். இரண்டு படியையும் ஒரே தாவலில் தாண்டினாள் ப. இருபத்துநாலு வயசு. தெருவில் போன ஒருவர் சிரித்தார்.

ஓட்டல். முதலாளி தலையசைத்தார். உள்ளறை. தட்டிக்குப் பின்னால் நாங்கள் மட்டும். இரண்டு இலை, பக்கத்தில் பக்கத்தில். தண்ணீர் தெளித்துத் துடைத்தோம். நான் அவள் இலையையும் என் இலையையும் ஒரே பார்வையில் பார்த்தேன். நாலு வருஷமாயிற்று.

பரிமாறினார்கள். உப்பு, ஊறுகாய், பச்சடி, அவியல், எரிசேரி, துவட்டல், பப்படம், சோறு, பருப்பு, நெய். ப. விரலால் எண்ண ஆரம்பித்தாள். “ஆறு… ஏழு… கன்னியாரில பதினொண்ணு, ஓர்மை இருக்கா?”

சாம்பாரோடு வந்தவர் வேறு ஆள். வயசானவர். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது.

“பள்ளிக்கூடத்து கிரேஸ் டீச்சரம்மால்லா? எம் பேத்தி ஒங்ககிட்டதான் படிக்கா. ஏழாங்கிளாஸ்.”

சொல்லும்போதே முகம் மாறியது. சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். உள்ளே போனார். முதலாளி வந்தார். சத்தம் போடவில்லை. கை கூப்பினார்.

“அம்மா தப்பா நெனைக்கப்படாது. வேதக்காரங்களுக்குப் பின்னால கொட்டகையில போடுறது. அதே சாப்பாடுதான். ஒண்ணும் கொறையாது. நாலு பேரு வந்து போற எடம்.”

இனி எழுத வேண்டியது கஷ்டமானது. எழுதுகிறேன்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசிக்கவில்லை. வாதாடவில்லை. பேச எவ்வளவோ தயார் செய்து வைத்திருந்தவள், பத்து நாளாக மனசுக்குள் எல்லோருடனும் வாதாடி ஜெயித்தவள், அந்த ஒரு கும்பிடுக்கு உடனே எழுந்தேன். கால் தானாக எழுந்தது. முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, யார் மீதும் படாமல், வழி விட்டு. எங்கள் தாத்தா காலத்துக் கால்.

“நீ சாப்பிடு. நான் அங்கின இருக்கேன்” என்றுகூட ப.விடம் சொன்னேன். சொன்னது என் குரல்தான்.

கொல்லைப் பக்கம் ஓலைக் கொட்டகை. இரண்டு வண்டிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த கடியப்பட்டணத்துப் பெண்பிள்ளை ஒருத்தி. நான் போய் நிற்கிறேன். இலை இன்னும் போடவில்லை.

பின்னால் ஏதோ சத்தம். திரும்பினால் பகவதி.

இலையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். இரண்டு கையாலும், அடியில் கையை அகல விரித்து. சோறு, நெய், எரிசேரி எல்லாம் அப்படியே. ஓரத்தில் பருப்பு வழிந்து பச்சைப் பட்டில். பின்னால் முதலாளி பதறி ஓடி வருகிறார். “அம்மா, அம்மா, பாதி இலையில எந்திரிக்கப்படாது! பொறந்தநாளுன்னீங்களே! பாவம் எங்களுக்கு வரும்!”

“நான் எங்க எந்திரிச்சேன்? இலையும் கூடத்தான வருது” என்றாள் ப.

வந்து தரையில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓர் எரிசேரித் துண்டு உருண்டு போயிற்று, அதை எடுத்து மறுபடி இலையில் வைத்துக்கொண்டாள்.

வண்டிக்காரர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். கடியப்பட்டணத்துப் பெண்பிள்ளை எங்களைப் பார்த்து: “இலையத் தூக்கிட்டு ஊர்வலமா? என்ன மக்கா விசேஷம்?”

“பொறந்தநாளு.”

“அப்ப பாயசம் ரெண்டாவது வாட்டி கேளு. கேக்காட்டா இங்கின கொண்டு வரமாட்டானுவ. நான் ஆறு மாசமா வாறேன், எனக்குத் தெரியும்.”

என் இலை வந்தது. வயசானவர்தான் கொண்டுவந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. சாப்பிட்டோம். ருசி? நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவியலில் உப்புக் கொஞ்சம் குறைவு. பாயசம் கேட்டோம். வந்தது. ப. மறுபடி கேட்டாள். மறுபடியும் வந்தது. கடியப்பட்டணத்துக்காரிக்கும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னாள்.

குளச்சல் பஸ்ஸில் ஏறி, வெள்ளிச்சந்தையில் இறங்கி, மாட்டுவண்டி. வண்டி ஓர் இடத்தில் குலுங்கியபோது அவள் தலை என் தோளில் இடித்தது. “சவத்து வண்டி” என்றாள்.

ஞானத்து அத்தை வெந்நீர் வைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவள். கேள்வி கேட்கத் தெரியாது, அல்லது கேட்காமலிருக்கத் தெரியும். பட்டிலிருந்த கறைக்குப் பச்சைப்பயறு மாவு தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.


பிப். 17, ஞாயிறு. முட்டம்

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில், காலை ஏழு மணி. கட்டுமரங்கள் கரையேறுகின்றன. மீனுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஒரே பாட்டாகச் சண்டை. வார்த்தை பாதி புரியவில்லை. ராகம் நன்றாக இருக்கிறது.

அத்தை வீட்டில் ப. கஞ்சியும் பயறும் சாப்பிட்டாள். கேட்டு இரண்டாவது வாங்கினாள். கிறிஸ்தவர் வீட்டில் அவளுக்கு இது முதல் தடவை.

பாறையில் நான் ஆரம்பித்தேன். நேற்று அவள் எனக்காகச் செய்ததற்கு…

“ஒனக்காவ இல்ல.”

“பின்னே?”

“கோவத்தில.” கூழாங்கல் ஒன்றைக் கடலில் எறிந்தாள். “அவன் சொன்னதில கோவமில்ல. எங்க வீட்டில அதத்தான சொல்லுகோம். நீ எந்திரிச்சியே, அதுதான் பொறுக்கல. ஒரு வார்த்த பேசாம. இவ்வளவு படிச்சவ.”

காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“நான் வாசல்ல சும்மா நிக்கேன்னு ஒனக்கு வருத்தம். எனக்குத் தெரியும். ஐப்பசியில இருந்தே தெரியும். ஆனா நேத்து பாத்தேன், நீயும் அப்படித்தான். நமக்கு ரெண்டு பேருக்கும் காலு ஒண்ணுபோலதான் இருக்கு.”

அவள் அழவில்லை. எனக்குத்தான் காற்றில் கண் எரிந்தது.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் நான் யார் என்று சொல்லாமல் வந்தது. அவளுக்குத் தெரியாமல் அவள் பிறந்தநாளை வைத்துச் சூதாடியது. அவள் ஓட்டலில் என்ன செய்வாள் என்று பார்க்க உள்ளூர ஆசைப்பட்டேனோ, அவளைச் சோதித்தேனோ என்றுகூட.

“கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள். “பரீட்சையா? எத்தன மார்க்?”

பிறகு, சிரிப்பு அடங்கியதும், மெதுவாக: “எனக்குப் பயமாத்தான் இருக்கு கிரேஸ். இலையோட எந்திரிச்சா ஆயுசு ஒரு வருஷம் தாங்காதுன்னு ஊரில சொல்லுவாவ. நான் நம்பல. நம்பாமலே பயமா இருக்கு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பயமில்லை என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்?

நாலு மணி வண்டி. சாயங்காலம் அவளைக் கோட்டாற்றில் விட்டேன். படியை மிதித்தே ஏறினாள்.


பிப். 19, செவ்வாய்

வானம் மூட்டம். மழை இல்லை.

சேதி எங்களுக்கு முன்னால் தோவாளை போய்விட்டது. கொட்டகையில் நகர்ந்து இடம் விட்ட வண்டிக்காரர் தோவாளைப் பூ ஏற்றுகிறவராம். நல்ல மனுஷர். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார்: “ஒங்க வீட்டு மருமவ ராணி மாதிரி இலையத் தூக்கிட்டு வந்தா.” சந்தை முழுக்க.

நேற்றே ஆறுமுகம் கோட்டாற்றுக்கு வந்திருக்கிறார், அழைத்துப்போக. மாமியார் சொல்லியனுப்பிய நிபந்தனை இரண்டு. தலைமுழுகிவிட்டு வர வேண்டும். இனி என்னோடு சாப்பிட மாட்டேன் என்று வீட்டுச் சாமி முன்னால் சொல்ல வேண்டும்.

தங்கம் அங்கே பூக் கொடுக்கப் போனபோது கேட்டது. எனக்கு நடித்தே காட்டினாள். ப. சொன்னாளாம்: “தலை தெனமும்தான் முழுகுகேன். இன்னைக்கும் முழுகுகேன். ரெண்டாவது சொல்ல மாட்டேன்.” ஆறுமுகம் வெகுநேரம் குடையைத் திறந்து திறந்து மூடினாராம். பிறகு, “சரி, அத நீயே அம்மைகிட்ட சொல்லு. எனக்குத் தைரியமில்ல. வா, பஸ்ஸு போயிரும்.”

போய்விட்டாள். நான் போய்த் தடுத்திருக்க வேண்டுமா? எதைத் தடுக்க? அது அவள் வீடு.

பள்ளியில் அந்த வயசானவரின் பேத்தி என் மேசையில் இரண்டு கொய்யாப்பழம் வைத்துவிட்டு ஓடினாள். ரயில் ஆசைக்காரி இவள்தான். ஓட்டலுக்குப் போனேன். முதலாளியிடம் சொன்னேன்: நான் இன்ன பள்ளி ஆசிரியை, கிறிஸ்தவள், போன செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போனது என் தவறு. என்னை எழுப்பியது உங்கள் தவறு. இனி வரும்போது சொல்லிவிட்டு உள்ளறையில் உட்காருவேன், எழ மாட்டேன். முழுவதும் சொன்னேன். “யோசிச்சுச் சொல்லுறேம்மா” என்றார். யோசிக்கட்டும்.


பிப். 20, புதன்

ஒன்றும் தெரியவில்லை. தங்கம் வரவில்லை, காய்ச்சலாம். இலக்கணப் பாடம். கரும்பலகையில் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை எழுதினேன். பிள்ளைகள் இரண்டு தடவையும் நகல் எடுத்தார்கள்.


பிப். 22, வெள்ளி

தங்கம் வந்தாள். கடிதம்.

‘சொல்லவில்லை. அத்தையும் விடவில்லை. சத்தம் போடவில்லை, அது உனக்குத் தெரியுமே. சொல்லும்வரை அடுப்படியில் எனக்கு இலை கிடையாது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் தனி இலை. மூன்று வேளையும் அத்தையே கொண்டுவந்து பரிமாறுகிறாள், நெய்கூடக் குறைக்கவில்லை. “சொல்லுகியா?” என்பாள். “இல்ல” என்பேன். “அப்ப தின்னு” என்பாள். முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் பசுவோடு பேசினேன். நேற்று என் வீட்டுக்காரர் நார்த்தங்காய் ஊறுகாயைக் கொண்டு வைத்துவிட்டு ஓடிப்போனார்.

இன்று காலையில்தான் ஒன்று தோன்றியது. இந்தச் சாய்ப்பில் யாரும் உட்காரலாம். இங்கே உனக்குத் தடை இல்லை. இடம் தாராளம், வயல் காற்று. கன்றுக்குட்டி மட்டும் இலையை இழுக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தையிடம் கேட்டுவிட்டேன், நாளைக்குக் கிரேஸ் சாப்பிட வருவாள் என்று. முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, “அவளுக்கு எரிசேரி புடிக்குமா?” என்றாள்.

என்னிடம் கேட்காமல் நீ ஏற்பாடு செய்தாய். இப்போது நான். வருகிறாயா?’

மூன்று தடவை படித்தேன். மைனியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேலி செய்யவில்லை. “தொழுவத்தில கொசு இருக்கும், சாம்பிராணி கொண்டு போ” என்றாள்.

முதல் பஸ் ஆறரைக்கு.